ஹிக்கின்பாதம்: ஓர் ஆங்கிலக் குடும்பப்பெயரின் தோற்றமும் பொருளும்

ஆய்வுச்சுருக்கம்

தமிழகத்தில் ஒரு புத்தக நிலையத்தின் பெயராக நன்கு அறியப்பட்டிருப்பினும், ஹிக்கின்பாதம் என்பது இங்கிலாந்தில் அதிகம் வழங்காத ஒரு குடும்பப்பெயராகும். இப்பெயர் லங்காஷயரில் உள்ள ஓக்கன்பாட்டம் என்னும் சிற்றூர்ப் பெயரிலிருந்து பிறந்தது என்றும், 'ஓக் மரங்கள் நிறைந்த பள்ளத்தாக்கு' என்பதே அதன் முதற்பொருள் என்றும் கொள்ளும் கருத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. பெயரின் இரு கூறுகளும் அடைந்த ஒலிமாற்றங்கள், அவற்றுக்குக் கூறப்படும் மாற்று விளக்கங்கள், தமிழ் எழுத்தில் இப்பெயர் பெறும் வடிவம் ஆகியவை ஒப்பிட்டு மதிப்பிடப்படுகின்றன. ஒலியும் பொருளும் ஒருங்கே ஒத்திருப்பினும் சொற்பிறப்பு உறவு இல்லாமற்போகலாம் என்பதற்கு இப்பெயர் தக்க சான்றாகிறது. தமிழ்ப் பெயராய்வும் சொற்பிறப்பாய்வும் மேற்கொள்ள வேண்டிய சான்று நெறியை இது வலியுறுத்துகிறது.

திறவுச்சொற்கள்: குடும்பப்பெயர், ஊர்ப்பெயர், சொற்பிறப்பு, மக்கள் சொற்பிறப்பு, ஒலிமாற்றம், காரணப்பெயர், இடுகுறிப்பெயர்.

முன்னுரை

சென்னை அண்ணாசாலையில் உள்ள ஹிக்கின்பாதம்ஸ் புத்தக நிலையம் 1844ஆம் ஆண்டில் ஏபெல் ஜோஷுவா ஹிக்கின்பாதம் என்பவரால் தொடங்கப்பட்டது. விற்பனையோடு நில்லாமல் அது பதிப்புப் பணியிலும் ஈடுபட்டது. சார்லஸ் ஈ. கோவர் தொகுத்து மொழிபெயர்த்த தென்னிந்திய நாட்டுப்புறப் பாடல்கள் பற்றிய ஆங்கில நூல் 1871இல் இந்நிறுவனத்தின் வெளியீடாக வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தென்னிந்தியவியல் நூல்களின் முகப்புப் பக்கங்களைப் புரட்டுவோர்க்கு இப்பெயர் புதியதன்று.

எனினும் அப்பெயரின் பொருள் யாது என்னும் வினா தமிழ்ச் சூழலில் எழுந்ததில்லை. கடைக்குரியவரின் பெயர் என்பதோடு அறிதல் நின்றுவிடுகிறது. இங்கிலாந்திலும் நிலைமை பெரிதும் வேறன்று. இன்றைய ஆங்கிலம் பேசுவோர்க்கு இப்பெயரின் முற்பகுதி யாதொரு பொருளையும் தருவதில்லை. பிற்பகுதி தருவதோ நகைப்புக்கிடமான பொருள். இலக்கண நூலார் கூறும் பாகுபாட்டின்படி நோக்கினால், காரணப்பெயராகப் பிறந்து, காரணம் மறந்துபோக, இடுகுறிப்பெயராக வழங்கும் பெயர் இது. மறைந்த காரணத்தை எவ்வகைச் சான்றுகளால் மீட்க இயலும், எவ்வகை ஒப்புமைகள் ஆய்வாளரை வழிதவறச் செய்யும் என்பவற்றைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆங்கிலக் குடும்பப்பெயர்களின் வகைப்பாடு

1066இல் நிகழ்ந்த நார்மானிய வெற்றிக்கு முன்னர் இங்கிலாந்தில் பரம்பரையாகத் தொடரும் குடும்பப்பெயர் வழக்கம் இல்லை. அதன்பின் நிலவுடைமைக் குடும்பங்களில் தொடங்கிய வழக்கம் படிப்படியாகப் பொதுமக்களிடம் பரவியது. பதினான்காம் நூற்றாண்டின் இறுதிக்குள் தென்னிங்கிலாந்தில் பெரும்பாலோர் குடும்பப்பெயர் பெற்றுவிட்டனர்; வட பகுதிகளில் இது சற்றுப் பிந்தியே நிறைவுற்றது.

இப்பெயர்களை அறிஞர்கள் பொதுவாக நான்கு வகையுள் அடக்குவர். தந்தை முதலிய உறவினரின் பெயர்வழி வந்தவை, தொழில்வழி வந்தவை, உடல் அல்லது குணச் சிறப்பால் வந்த பட்டப்பெயர்கள், இடம்சார்ந்து வந்தவை என்பன அவை. இவற்றுள் இடம்சார் பெயர்களே வகையால் மிகப் பல. ஒருவர் தாம் பிறந்த ஊரைவிட்டு வேற்றூரில் குடியேறும்போது, பழைய ஊரின் பெயரால் அழைக்கப்படுவது இயல்பு. முதலில் 'இன்ன ஊரினர்' என்னும் பொருளுடைய முன்னிடைச் சொல்லுடன் எழுதப்பட்ட இத்தகைய பெயர்கள், பின்னர் அச்சொல் நீங்கி ஊர்ப்பெயராகவே நின்றன.

சங்கப் புலவர் பெயர்களோடு பழகியோர்க்கு இவ்வழக்கம் எளிதில் விளங்கும். ஆலங்குடி வங்கனார், ஆவூர் மூலங்கிழார் என்னும் பெயர்களில் ஊர்ப்பெயர் முன்னொட்டாக நின்று ஒருவரை இன்னாரென அடையாளப்படுத்துகிறது. ஆனால் தமிழ் வழக்கில் இம்முன்னொட்டு அவ்வொருவரோடு நின்றது; ஆங்கில வழக்கில் அது பெயரின் பின்னே அமைந்து மகனுக்கும் பெயரனுக்கும் சென்றது. இவ்வேறுபாட்டின் விளைவு பெரிது. ஊரோடு தொடர்பே இல்லாத தலைமுறைகளும் ஊர்ப்பெயரைச் சுமந்தன. ஊரில் வாழ்வோர் வாயில் ஊர்ப்பெயர் ஒரு வழியிலும், ஊரைப் பிரிந்தோர் வாயில் குடும்பப்பெயர் மற்றொரு வழியிலும் மாறிச் சென்றன. ஹிக்கின்பாதம் என்னும் பெயரின் சிக்கல் இங்குதான் தொடங்குகிறது.

பெயர் வழங்கும் நிலம்

குடும்பப்பெயரின் தோற்றம் காண்பதில் முதற்சான்று நிலம். பி. எச். ரீனி 1958இல் வெளியிட்ட பிரித்தானியக் குடும்பப்பெயர் அகராதியின் காலம்தொட்டு, பழைய ஆவண வடிவங்களே விளக்கத்துக்கு அடிப்படையாக வேண்டும் என்னும் கொள்கை வலுப்பெற்றது. பாட்ரிக் ஹாங்க்ஸ், ரிச்சர்ட் கோட்ஸ், பீட்டர் மெக்லூர் ஆகியோர் பதிப்பித்து 2016இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்ட பிரித்தானிய, அயர்லாந்துக் குடும்பப்பெயர் அகராதி, ஆவண வடிவங்களோடு பெயர்களின் நிலப்பரவலையும் சான்றாகக் கொண்டது. ஒரு பெயர் எப்பகுதியில் செறிந்து காணப்படுகிறதோ அப்பகுதியிலோ அதன் அண்மையிலோ அதன் பிறப்பிடத்தைத் தேடுவதே முறை.

ஹிக்கின்பாதம், ஹிக்கின்பாட்டம், ஹிக்கன்பாட்டம் எனப் பலவாறு எழுதப்படும் இப்பெயர் தெற்கு லங்காஷயரிலும் அதனையடுத்த செஷயர், டெர்பிஷயர் எல்லைப் பகுதிகளிலும் வேர்கொண்டது. லங்காஷயரின் போல்ட்டன் நகரையொட்டி ஓக்கன்பாட்டம் என்னும் இடம் உள்ளது. குடும்பப்பெயரின் நிலப்பரவலும் இவ்வூரின் இருப்பிடமும் பொருந்தி வருகின்றன. ரீனியின் அகராதியும் அவர்வழி வந்த அகராதிகளும் இவ்வூரையே பெயரின் பிறப்பிடமாகக் கொள்கின்றன.

இதே நிலப்பகுதியில் 'பாட்டம்' என்னும் இறுதி கொண்ட பெயர்கள் பல உள்ளன. ராம்ஸ்பாட்டம், சைட்பாட்டம், ரோபாட்டம், விண்டர்பாட்டம், ஷஃபிள்பாட்டம், இவற்றோடு அண்டை யார்க்ஷயரின் லாங்பாட்டம் என்பன அவை. பென்னைன் மலைத்தொடரின் சரிவுகளில் ஓடைகள் அறுத்த பள்ளத்தாக்குகள் நிறைந்த நிலம் இது. நிலத்தின் இயல்பே பெயர்களின் இறுதிக்கூற்றைத் தந்தது என்பதில் ஐயமில்லை. ஒரு பெயரைத் தனியே எடுத்து விளக்காமல், அதே நிலத்தின் ஒத்த அமைப்புடைய பெயர்களோடு சேர்த்துக் காணும்போதுதான் விளக்கம் உறுதி பெறுகிறது.

இறுதிக்கூறு: 'பாதம்', 'பாட்டம்'

பழைய ஆங்கிலத்தில் 'பொட்ம்' என்னும் சொல் அடிப்பகுதியைக் குறித்தது. ஊர்ப்பெயர்களில் அது பள்ளத்தாக்கின் அடித்தளத்தை, குறிப்பாகச் சமதளமான ஆற்றோர நிலத்தைக் குறித்து வந்தது. மார்கரெட் கெல்லிங் போன்ற ஊர்ப்பெயர் ஆய்வாளர்கள், நிலவமைப்பைக் குறிக்கும் சொற்களைப் பழைய ஆங்கிலேயர் மிக நுட்பமாக வேறுபடுத்தி வழங்கினர் என்பதை விரிவாக நிறுவியுள்ளனர். பள்ளத்தாக்கைக் குறிக்கும் சொற்கள் பல இருந்தும், அடித்தளம் ஈரமும் சமநிலமுமாக உள்ள இடத்துக்கு இச்சொல் தெரிவு செய்யப்பட்டது.

இச்சொல்லுக்கு 'பொத்ம்' என்னும் இணைவடிவமும் இருந்தது. டகர மெய்க்கு ஈடாகப் பல்லொலி நின்ற வடிவம் இது. ஆகவே ஹிக்கின்பாதம் என்பதிலுள்ள தகரம், பிற்காலத்தார் நாணம் கருதிச் செய்துகொண்ட எழுத்து மாற்றம் மட்டுமே எனக் கருதுவது சரியன்று. அதற்கு மொழி வரலாற்றில் இடமுண்டு. இரண்டு வடிவங்களும் ஒரே நிலப்பகுதியில் நெடுங்காலம் அருகருகே வழங்கின.

ஒத்த அமைப்புடைய பெயர்களின் முற்கூறுகள் பெரும்பாலும் இயற்கையைச் சுட்டுவன. சைட்பாட்டம் என்பதில் 'அகன்ற' என்னும் அடையும், லாங்பாட்டம் என்பதில் 'நீண்ட' என்னும் அடையும், ரோபாட்டம் என்பதில் 'கரடான' என்னும் அடையும் முன்நிற்கின்றன. விண்டர்பாட்டம் என்பது குளிர்காலத்தில் பயன்பட்ட பள்ளத்தாக்கு. ராம்ஸ்பாட்டம் என்பதற்குக் காட்டுப் பூண்டு வளரும் பள்ளத்தாக்கு என்றும், ஆட்டுக்கிடாய்ப் பள்ளத்தாக்கு என்றும் இருவகை விளக்கங்கள் உண்டு. அளவு, தரை, பருவம், செடி, விலங்கு என்பவையே இப்பெயர்களில் அடையாக வருகின்றன. ஹிக்கின்பாதத்தின் முற்கூற்றை ஆராயும்போது இவ்வமைப்பு நினைவில் இருத்தல் வேண்டும்.

முதற்கூறு: ஓக்கிலிருந்து ஹிக்கின் வரை

தமிழில் கருவாலி எனப்படும் ஓக் மரம் பழைய ஆங்கிலத்தில் 'ஆக்' எனப்பட்டது. இப்பெயர்ச்சொல்லோடு 'ஈன்' என்னும் பழைய விகுதி சேர்ந்து 'ஓக்கால் ஆன', 'ஓக்குக்குரிய' என்னும் பெயரடை உருவானது. விகுதியிலிருந்த இகர ஒலி முன்னுள்ள ஆகாரத்தைத் தன்பால் ஈர்த்து, அதை ஏகாரச் சாயலுடையதாக்கியது. அவ்வாறு அமைந்த வடிவத்தைத் தமிழ் எழுத்தில் ஏறத்தாழ 'ஏக்கென்' எனக் குறிக்கலாம். மரப்பெயர்கள் மற்றொரு சொல்லோடு புணரும்போது சாரியை பெறுவதைத் தொல்காப்பிய எழுத்ததிகாரம் விதிக்கிறது. ஆல் என்பது காடு, குடி என்பவற்றோடு சேர்கையில் ஆலங்காடு, ஆலங்குடி என்றாகும். ஆங்கில விகுதி பெயரடையாக்கும் விகுதி, தமிழ் 'அம்' சாரியை என்னும் இலக்கண வேறுபாடு உண்டெனினும், மரத்தையும் நிலத்தையும் இணைத்து ஊர்ப்பெயர் ஆக்கும் பாங்கு இரண்டிலும் ஒன்றே.

இவ்வூர்ப்பெயரின் வரலாறு சற்றுக் குழப்பமானது என்பதை அகராதியாளர்களே ஒப்புக்கொள்கின்றனர். எனினும் இடைக்காலத்தில் இது முதலில் 'ஈக்கன்பாட்டம்' என்றும், பின்னர் 'இக்கன்பாட்டம்' என்றும் மாறியது என அவர்கள் காட்டுவர். இம்மாற்றம் ஆங்கில ஒலியியலுக்கு முரணானதன்று. நீண்ட கூட்டுச்சொல்லின் முதலசையில் உள்ள நெடில் குறுகுவது ஆங்கிலத்தில் பரவலான நிகழ்ச்சி. 'புனித' என்னும் பொருளுடைய 'ஹோலி' என்பதன் நெடில், அதனோடு நாளைக் குறிக்கும் சொல் சேர்ந்த 'ஹாலிடே' என்பதில் குறுகி ஒலிப்பது யாவரும் அறிந்த எடுத்துக்காட்டு.

அடுத்த படி முதலெழுத்தில் ஹகரம் தோன்றியது. லங்காஷயர் உள்ளிட்ட பல வட்டாரங்களின் பேச்சில் சொல்முதல் ஹகரம் ஒலிக்கப்படுவதில்லை. அவ்வாறு ஒலிக்காத வழக்கமுடையோர் எழுதும்போதோ திருத்தமாகப் பேச முயலும்போதோ, ஹகரம் இல்லாத சொற்களுக்கும் அதைச் சேர்த்துவிடுவர். இவ்வாறு 'இக்கன்' என்பது 'ஹிக்கன்' ஆவதற்கு வழி திறந்தது. வட்டார வழக்கில் சிவந்த சிறு கனிக்கொத்துகளைத் தரும் ரோவன் மரத்துக்கு 'ஹிக்கின்' என்னும் பெயர் உண்டு. அதன் ககரம், தங்கம் என்னும் தமிழ்ச்சொல்லில் ஒலிப்பது போன்ற குரலொலியாகவும் வழங்கும். பொருள் விளங்காத முற்கூறு, விளங்கும் ஒரு மரப்பெயரோடு இணைந்துகொண்டது. ஓக் மரம் ரோவன் மரமாயிற்று.

இதற்கிடையில் ஊரின் பெயர் வேறு வழியில் சென்றது. ஆங்கிலப் பொதுமொழியில் பழைய 'ஏக்கென்' என்னும் பெயரடை கைவிடப்பட்டு, 'ஓக்' என்பதோடு விகுதி சேர்த்து 'ஓக்கன்' எனப் புதிதாக ஆக்கப்பட்டது. பொன்னைக் குறிக்கும் 'கோல்ட்' என்பதன் பழைய பெயரடை 'கில்டென்' மறைந்து 'கோல்டன்' தோன்றியதும் இதே முறையில்தான். ஊரில் வாழ்ந்தோர்க்கு மரத்தோடு இருந்த தொடர்பு ஊர்ப்பெயரைப் புதிய வடிவத்துக்கு இழுத்து 'ஓக்கன்பாட்டம்' ஆக்கியது எனக் கொள்ளலாம். ஊரைப் பிரிந்த குடும்பத்தின் பெயருக்கோ அத்தகைய பிடிப்பு ஏதுமில்லை.

இதனால் முரணாகத் தோன்றும் ஒரு நிலை உருவாகிறது. பொருள் விளங்க நிற்கும் ஊர்ப்பெயர் வடிவத்தால் புதியது. பொருள் மறைந்த குடும்பப்பெயரோ பழைய உயிரொலியின் சுவட்டைக் காத்து வருகிறது. தமிழாய்வாளர் நன்கறிந்த கால்டுவெல் என்னும் பெயரிலும் இதனைக் காணலாம். 'குளிர்ந்த ஊற்று' என்னும் பொருளுடைய ஊர்ப்பெயர்களிலிருந்து வந்தது அப்பெயர். அதன் முற்கூறாகிய 'கால்ட்' வட ஆங்கிலத்தின் பழைய வடிவம். பொதுமொழியில் அச்சொல் 'கோல்ட்' என மாறிவிட்டது. பேச்சுமொழி இழந்த ஒலிகளைப் பெயர்கள் காப்பதற்கு இவை சான்றுகள்.

மாற்று விளக்கங்களும் அவற்றின் மதிப்பீடும்

ஹிக்கின்பாதத்துக்கு வேறு மூன்று விளக்கங்கள் கூற இடமுண்டு. மூன்றும் முதல் நோக்கில் ஏற்கத்தக்கனவாகவே தோன்றுவதால் தனித்தனியே ஆராயத்தக்கன.

முதலாவது, 'ஹிக்கினின் பள்ளத்தாக்கு' என்பது. ரிச்சர்ட் என்னும் பெயரின் செல்லச்சுருக்கம் 'ரிக்'. இடைக்கால ஆங்கிலேயர் செல்லப்பெயர்களின் முதலெழுத்தை எதுகை நயம்பட மாற்றுவர். ராபர்ட் 'ராப்' ஆகி 'ஹாப்' ஆனது போல, ரிக் என்பது 'ஹிக்' ஆயிற்று. அதனோடு சிறுமை விகுதி சேர 'ஹிக்கின்' பிறந்தது. ஹிக்ஸ், ஹிக்சன், ஹிக்கின்ஸ் ஆகிய குடும்பப்பெயர்கள் இதன்வழி வந்தவை. எனவே ஹிக்கின்பாதம் என்பது ரிச்சர்ட் என்பவருக்குரிய பள்ளத்தாக்காகலாம் எனக் கருதத் தோன்றும். ஆனால் ஆட்பெயர்வழி வந்திருப்பின் ஹகரம் தொடக்கம்முதல் நின்றிருக்க வேண்டும். ஊர்ப்பெயரின் ஈக்கன், இக்கன் என்னும் வடிவங்கள் உயிர்முதலாக உள்ளன. மேலும் ஒத்த பெயர்களில் இயற்கை அடைகளே மிகுதி என்பது முன்னர்க் காட்டப்பட்டது. ஆகவே ஹிக்கின் என்னும் பழகிய ஆட்பெயர் இப்பெயரின் பிற்கால வடிவத்தை உருவாக்குவதில் துணைநின்றிருக்கலாமேயன்றி, அதன் மூலமாகாது.

இரண்டாவது, ஜெர்மானிய விளக்கம். பழைய பெயர்நூல்கள் சிலவற்றில் இப்பெயர் 'ஐக்கன்பௌம்', அதாவது ஓக் மரம் என்னும் ஜெர்மன் சொல்லின் திரிபு எனக் கூறப்பட்டது. இதில் பாதி உண்மை தற்செயலாக அமைந்துள்ளது. ஜெர்மன் 'ஐக்க' என்பதும் ஆங்கில 'ஓக்' என்பதும் ஒருமூலச் சொற்களே. ஆனால் 'பௌம்' என்பதற்கு இனமான ஆங்கிலச்சொல் உத்திரத்தைக் குறிக்கும் 'பீம்' என்பதாகும். 'பொட்ம்' என்பதற்கு இனமான ஜெர்மன் சொல் தரையைக் குறிக்கும் 'போடன்' ஆகும். இவ்விரண்டையும் ஒன்றாக்குவதற்கு ஒலிவிதி இடந்தராது. ஜெர்மனியிலிருந்து வந்த குடியேறிகளின் பெயரெனின், அது லங்காஷயரின் ஒரு மூலையில் ஒத்த அமைப்புடைய பல பெயர்களோடு சேர்ந்து காணப்படுவதற்குக் காரணம் கூறவியலாது.

மூன்றாவது, ரோவன் மரமே மூலப்பொருள் என்பது. இது மற்ற இரண்டைக் காட்டிலும் வலியது. மரப்பெயர் முன்நிற்கும் அமைப்புக்கும் இது பொருந்தும். ஆயினும் ஊரின் பெயர் இறுதியில் ஓக்கையே சுட்டி நிற்பதை இவ்விளக்கம் எளிதில் தெளிவாக்காது. ஓக்கைக் குறிக்கும் பழைய பெயரடையிலிருந்து தொடங்கினால் ஊர்ப்பெயர், குடும்பப்பெயர் ஆகிய இரண்டின் வரலாறும் விளங்குகின்றன. ரோவனிலிருந்து தொடங்கினால் குடும்பப்பெயர் மட்டுமே விளங்குகிறது. இரண்டு உண்மைகளை விளக்கும் கருதுகோள் ஒன்றை மட்டும் விளக்குவதினும் மேலானது.

இவற்றைத் தொகுத்து நோக்கின் முடிவுகளின் உறுதி ஒரே தரத்தினதன்று. இறுதிக்கூறு பள்ளத்தாக்கைக் குறிப்பது என்பது உறுதி. பெயர் ஊர்வழி வந்தது என்பதும் வலுவான முடிவு. முதற்கூறு ஓக்கைக் குறிப்பது என்பது பெரிதும் ஏற்கத்தக்க கருதுகோள். இத்தர வேறுபாட்டை மறைக்காமல் கூறுவதே பெயராய்வின் நேர்மை.

பொருள் மாற்றமும் பெயர்தாங்கியோரும்

'பாட்டம்' என்னும் சொல் பிட்டத்தையும் குறிக்கத் தொடங்கியது பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில்தான். அதற்கு முன்பு அச்சொல்லில் இழிவேதும் இல்லை. ஷேக்ஸ்பியரின் 'நடுவேனிற்கால இரவுக் கனவு' நாடகத்தில் வரும் நெசவாளி பாட்டம் என்பவனின் பெயர்கூட, நூல் சுற்றும் உள்கட்டையின் பெயரால் அமைந்த தொழிற்பெயரே. இன்றைய பார்வையாளர் காணும் நகைப்பொருளை அக்காலத்துக்கு ஏற்றிக் கூறுவது பொருந்தாது.

புதிய பொருள் பரவியபின் இப்பெயர்களைத் தாங்கியோர் இடர்ப்பட்டனர். தகரம் பெற்ற 'பாதம்' என்னும் எழுத்துவடிவம் சிலருக்குக் காப்பாக அமைந்தது. சைட்பாட்டம் என்னும் பெயருடையோருள் சிலர் எழுத்தையும் ஒலிப்பையும் சேர்த்தே மாற்றிக்கொண்டனர். மொழியின் பொதுச்சொல் ஒன்று பொருள் மாறும்போது, அச்சொல்லோடு தொடர்பை மறந்துவிட்ட பெயரும் அம்மாற்றத்தின் சுமையை ஏற்க நேர்கிறது. பெயர் இடுகுறியாகிவிட்டது என அறிஞர் கூறினும், கேட்போர் அதில் காரணம் தேடுவதை நிறுத்துவதில்லை.

தமிழ் எழுத்தில் ஹிக்கின்பாதம்

இப்பெயர் தமிழில் எழுதப்படும்போது இரண்டு தற்செயல் நிகழ்வுகள் நேர்கின்றன. தமிழ் நெடுங்கணக்கு ககரத்தின் குரலொலியையும் குரலிலா ஒலியையும் தனித்தனி எழுத்தால் காட்டாது. இரட்டித்த ககரம் தமிழ் வழக்கில் குரலின்றி ஒலிக்கும். எனவே 'ஹிக்கின்' என எழுதிப் படிக்கும் தமிழர் வாயில், ஆங்கிலேயர் இழந்த பழைய வல்லொலி மீண்டும் தோன்றுகிறது. பழைய வடிவம் தமிழில் எஞ்சியுள்ளது என எவரேனும் இதனைக் கொண்டு கூறின் அது பிழையாகும். இது எழுத்துமுறையின் விளைவேயன்றி வரலாற்றின் எச்சமன்று.

இரண்டாவது நிகழ்வு இன்னும் ஆழமான சிக்கலை எழுப்புகிறது. தமிழ் எழுத்தில் பெயரின் பிற்பகுதி 'பாதம்' என அமைகிறது. பாதம் அடியைக் குறிக்கும். அடி என்பது காலையும் குறிக்கும், கீழ்ப்பகுதியையும் குறிக்கும். மலையடி, மரத்தடி என்பன வழக்கில் உள்ளவை. ஆங்கிலப் பெயரின் பிற்பகுதியும் அடிப்பகுதியையே குறிக்கிறது. ஒலி ஒத்திருக்கிறது, பொருளும் ஒத்திருக்கிறது. 'மலைப்பாதம்' என்றே இப்பெயரை விளக்கிவிடலாம் என்னும் ஆசை எழுவது இயல்பு.

ஆனால் இவ்வொப்புமைக்குச் சொற்பிறப்பு உறவு ஏதுமில்லை. தமிழில் வழங்கும் பாதம் என்பது வடமொழியிலிருந்து வந்த சொல். வடமொழிப் 'பாத' என்பதற்கு இனமான ஆங்கிலச்சொல் காலைக் குறிக்கும் 'ஃபுட்' ஆகும். இந்தோ-ஐரோப்பிய மூலமொழியின் பகரம் ஜெர்மானியக் கிளையில் ஃபகரமாகவும், குரலொலித் தகரம் டகரமாகவும் மாறியமை ஒழுங்கான விதி. ஆகவே 'பாத' என்பதன் இனச்சொல் ஆங்கிலத்தில் ஃபகரத்தில் தொடங்க வேண்டும். பகரக் குரலொலியில் தொடங்கவியலாது. 'பொட்ம்' என்பதற்கு வடமொழியில் இனமான சொல் அடிப்பகுதியைக் குறிக்கும் 'புத்ந' என்பதாகும். இலத்தீனில் அது 'ஃபுண்டுஸ்'. காதுக்கு ஒத்தது உறவன்று. காதுக்கு ஒவ்வாத இவையே உறவு. ஒலியும் பொருளும் ஒருங்கே ஒத்திருந்தும் இரு சொற்கள் தொடர்பற்றவையாக இருக்கலாம் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

பெயராய்வு நெறிக்கு ஒரு படிப்பினை

அறியாச் சொல்லை அறிந்த சொல்லாக மாற்றிக்கொள்ளும் இயல்பு எம்மொழியினர்க்கும் பொது. சென்னையில் ஹாமில்டன் பெயரால் வழங்கிய பாலம் மக்கள் வாயில் 'அம்பட்டன் வாராவதி' ஆகி, அதுவே மீண்டும் ஆங்கிலத்தில் நாவிதர் பாலம் எனப் பொருள்பட மொழிபெயர்க்கப்பட்டதாகச் சென்னை வரலாறு எழுதியோர் குறிப்பிடுவர். லங்காஷயர் உழவர் 'இக்கன்' என்பதை ரோவன் மரமாக்கியதும், சென்னைவாசி 'ஹாமில்டன்' என்பதை நாவிதராக்கியதும் ஒரே மனச்செயல்.

மக்கள் இவ்வாறு செய்வது குற்றமன்று. அது மொழியின் உயிர்ப்புக்கு அடையாளம். பெயரின் வரலாற்றில் அதுவும் ஓர் ஏடு. ஆய்வாளர் அதனையே முடிவாகக் கொள்வதுதான் பிழை. ஆங்கிலச் சொற்களையும் உலக ஊர்ப்பெயர்களையும் ஒலியொப்புமை ஒன்றைக்கொண்டு தமிழ்மூலம் உடையவை எனக் காட்டும் முயற்சிகள் தொடர்ந்து வெளிவருகின்றன. அவை தமிழின் பெருமையை நாடுவன. ஆயினும் விளைவில் தமிழாய்வின் நம்பகத்தன்மையைக் குறைப்பன. திராவிட மொழிகளின் உறவைக் கால்டுவெல் 1856இல் நிறுவியது தனிச்சொற்களின் ஒப்புமையை மட்டும் கொண்டன்று. வேற்றுமை உருபு, மூவிடப்பெயர், வினைத்திரிபு ஆகிய இலக்கணக் கூறுகளின் ஒழுங்கான பொருத்தத்தைக் கொண்டு. அம்முடிவு நிலைபெற்றமைக்கும் அந்நெறியே காரணம்.

தமிழ் ஊர்ப்பெயர்களுக்குத் தலபுராணங்கள் கூறும் விளக்கங்களை மதிப்பிடுவதிலும் இந்நெறி பொருந்தும். கல்வெட்டில் காணும் மிகப் பழைய வடிவம், அவ்வட்டாரத்தில் அதே ஈறுடைய பிற ஊர்ப்பெயர்கள், நிலத்தின் இயல்பு, ஒலிமாற்றத்தின் ஒழுங்கு ஆகிய நான்கும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் இடத்திலேயே விளக்கம் முடிவாகிறது. ரா. பி. சேதுப்பிள்ளையின் 'ஊரும் பேரும்' ஊர்ப்பெயர்களை நிலவகை, குடிவகை எனத் தொகுத்து நோக்கும் வழியைத் தமிழில் அகலத் திறந்தது. அவ்வழியில் ஆவண வடிவங்களைக் கால வரிசைப்படுத்தும் பணி மேலும் விரிவடைய வேண்டும்.

முடிவுரை

ஹிக்கின்பாதம் என்பது ஆட்பெயரால் அமைந்ததன்று. ஜெர்மன் மொழியிலிருந்து வந்ததுமன்று. லங்காஷயரின் ஓக்கன்பாட்டம் என்னும் ஊர்வழி வந்த பெயர் அது. ஓக் மரங்கள் நின்ற பள்ளத்தாக்கு என்பதே அதன் முதற்பொருளாதல் பெரிதும் பொருந்தும். ஊரைப் பிரிந்தபின் அதன் உயிரொலி குறுகியது, ஹகரம் சேர்ந்தது, ககரம் குரலொலியாயிற்று, ஓக் நின்ற இடத்தில் ரோவன் புகுந்தது. பொதுமொழியில் நேர்ந்த பொருள் மாற்றம் பிற்பகுதியை நகைப்புக்குரியதாக்கியது. தமிழகம் வந்தபோது அது பாதமாக எழுதப்பட்டது.

ஒவ்வொரு படியிலும் கேட்டோர் தமக்கு விளங்கிய சொல்லை அதில் கேட்டனர். இடுகுறியாய் நிற்பதைக் காரணப்பெயராக்க முயலும் இவ்விழைவை ஆய்வாளர் பதிவு செய்ய வேண்டும், பகிர்ந்துகொள்ளலாகாது. ஆலங்குடியில் ஆலும் ஓக்கன்பாட்டத்தில் ஓக்கும் நின்ற காலத்தை மீட்டுத் தருவது செவியின் தீர்ப்பன்று. நிலமும் ஏடும் ஒலிவிதியும் ஒருங்கே தரும் சான்று.